ஆதாரம் சார் தனக்கே எதிராகப் போட்ட ஓட்டு

பெங்களூரிலேயே எதையும் நம்பாத ஒரே மனிதர் ஆதாரம் சார்தான். மழை பெய்கிறது என்று சொன்னால் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்தாலும், மாடி வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரோ என்று அண்ணாந்து பார்ப்பார். அப்படிப்பட்டவரை நாங்கள் இத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினோம். அந்த நம்பிக்கையை அவர் என்ன பாடு படுத்தினார் என்பதுதான் விஷயம்.

நாங்கள் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது, சண்டை உண்டு. அதில் தமிழில் எழுதும் சின்னக் கூட்டம் நாங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு டீச்சர், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கணக்காளர், கோவையில் ஒரு பேராசிரியர், பெங்களூரில் சாஃப்ட்வேர்களுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கும் நான்.

அங்கே ஒரு வழக்கம். சான்று காட்டாமல் யாராவது ஒரு வரி எழுதினால், அதன் பக்கத்தில் ‘ஆதாரம் தேவை’ என்று ஒரு குறிப்பை ஒட்டிவிட்டுப் போகலாம். எல்லோரும் எப்போதாவது ஒட்டுவோம். ஒருவர் மட்டும் தேர்தல் போஸ்டர் ஒட்டுகிற வேகத்தில் ஒட்டினார். அவருக்கு ஆதாரம் சார் என்று பெயர் வைத்தது திருப்பூர்க்காரர். சாருக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய், அதையே கணக்குப் பெயராகவும் மாற்றிக்கொண்டார்.

நான் இட்லி பற்றி ஆசை ஆசையாக எழுதிய கட்டுரையில், ‘இட்லி மென்மையானது’ என்ற வரிக்கு ஆதாரம் கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ‘வீட்டுக்கு வாருங்கள், சுட்டுப் போடுகிறேன்’ என்று எழுதினேன். ‘உங்கள் வீட்டு இட்லி நடுநிலையான ஆதாரம் ஆகாது’ என்று உடனே பதில் வந்தது. இந்த ஆள் யார், எப்படி இருப்பார், வீட்டில் இவரை எப்படி வைத்துச் சமாளிக்கிறார்கள் என்ற ஆவல் அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

விசாரித்தால், மனிதர் ஜோகுபாளையத்தில் இருக்கிறார். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அல்சூரில் நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு தர்ஷினி ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை சந்திப்பதாக ஏற்பாடு. இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. வணக்கம் சொன்னேன். அவர் சொல்லவில்லை.

“நீங்கதான் அவங்கன்னு எப்படி நம்புறது மேடம்?”

என் போனை எடுத்து, என் கணக்கைத் திறந்து, ஒரு கமாவைத் திருத்திக் காட்டினேன். அவரும் தன் போனில் ஒரு கமாவைத் திருத்திக் காட்டினார். அதன் பிறகுதான் வணக்கம். கவுண்டரில் இருந்த கன்னடக்காரரிடம் மசால் தோசை எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டேன். ஊரிலேயே நம்பர் ஒன் என்றார் அவர். ஆதாரம் சார் விடுவாரா?

“யாரு சொன்னது? உங்க கடையைப் பத்தி நீங்களே சொன்னா எப்படி?”

“சார், திந்து நோடி!” என்றார் அவர். தின்று பாருங்கள் என்கிறார்.

“சொந்த அனுபவம் செல்லாது” என்று சொல்லிவிட்டு, ஆதாரம் சார் இரண்டு தோசை சாப்பிட்டார்.

கிளம்பும்போது இன்னொரு ஆச்சரியம். களஞ்சியத்தின் பேச்சுப் பக்கங்களில் நாம் எதை எழுதினாலும் கடைசியில் பெயரும் நேரமும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் யார் எப்போது சொன்னது என்று தெரியாது. ஆதாரம் சாருக்கு அந்தப் பழக்கம் வாய்க்கும் வந்துவிட்டது. “சரி மேடம், பார்க்கலாம். ஆதாரம், பதினொண்ணே கால்” என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். ஆட்டோவிடம் பேரம் பேசி முடித்ததும், “சரி வாங்க. ஆதாரம், பதினொண்ணு இருபது” என்றார். ஆட்டோக்காரர் யாருக்கோ போன் போகிறது என்று நினைத்து வண்டியைக் கிளப்பினார்.

பிழைப்புக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் இருந்தார். வேறு எங்கே இருப்பார்? காலில் மாவுக்கட்டோடு வந்தவரிடம், “இது உங்க கால்தானா?” என்று கேட்டவர் என்று அவர் ஆபீஸில் சொல்வார்கள். இந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை.

இவ்வளவு தொல்லை பிடித்தவரை ஏன் நம்பினோம்? அடுத்தவரைக் கேட்ட கேள்வியைத் தன்னையும் கேட்பார் என்பதால்தான். தான் எழுதிய வரிக்குத் தானே ‘ஆதாரம் தேவை’ ஒட்டுவார். ஒருமுறை ஆம்பூர்க்காரர் ஒருவரும் வாணியம்பாடிக்காரர் ஒருவரும் பிரியாணி முதலில் எந்த ஊரில் வந்தது என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டு, கடைசியில் இவரிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். இவர் இருவர் சொன்னதையும் நீக்கினார். இருவரும் நன்றி சொன்னார்கள். இணையத்தில் சண்டை போட்டவர்கள் நன்றி சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இப்படி இருக்கையில் வில்லாக்காரன் வந்தான். யாரோ ஒரு மனை விற்பவன். சந்தாபுரா, ஹெப்பகோடி, ஆனேக்கல் என்று அந்தப் பக்கத்து ஊர்க் கட்டுரைகளை எல்லாம் அழித்து, ‘கனவு வில்லா, விமான நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்’ என்று எழுதிவைத்தான். சந்தாபுரா பெங்களூரின் தெற்கு மூலை, விமான நிலையம் வடக்கு மூலை. நாங்கள் அழிக்க அழிக்க அவன் எழுதினான். ஒரு ஏரியைப் பற்றிய கட்டுரையையே ‘ஏரி நோக்கிய மனைகள்’ என்று மாற்றி, மறுநாள் ‘ஏரி’யையும் எடுத்துவிட்டான்.

பக்கத்தைப் பூட்டவும், ஆளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவும் நிர்வாகியால்தான் முடியும். எங்களுக்கு இருந்த ஒரே நிர்வாகி கோவைப் பேராசிரியர். அவருக்குக் கண் அறுவை சிகிச்சை, மாதக் கடைசியோடு விலகுகிறார். அதற்குள் இன்னொருவர் வராவிட்டால் வீடு திறந்துதான் கிடக்கும். எல்லோரும் ஆதாரம் சாரைக் கைகாட்டினோம். பரிந்துரை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. போன் செய்தேன்.

“வேணாம் மேடம். ஆதாரம், ஆறு பத்து” என்று வைத்துவிட்டார்.

ஏன் வேண்டாம்? பதவி என்றால் பறக்கிற இந்தக் காலத்தில், ஓசியில் வரும் மரியாதையை ஒருவர் ஏன் தள்ளுகிறார்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை நேராக ஜோகுபாளையத்துக்கே போய்விட்டேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“உள்ள வாங்கம்மா. இவரு அப்படித்தான். எங்க கல்யாணத்துக்கே ஆட்சேபணை சொன்ன ஆளு!”

“என்னது?”

“கல்யாணத்துக்கு முன்ன மாதா கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாங்க இல்ல? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காச்சும் தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு. மூணாவது ஞாயிறு இவரே எழுந்து, ‘எனக்கு ஒண்ணு தெரியும் ஃபாதர்’னாரு. எங்கம்மா மயங்கி விழாத குறை. என்னான்னா, இவரு க்வயர்ல பாடச் சேர்ந்தது சாமிக்காக இல்லையாம், என்னைப் பார்க்கிறதுக்காம். அதை மறைச்சுட்டு தாலி கட்டக் கூடாதாம்.”

“ஃபாதர் என்ன சொன்னார்?”

“ ‘உன் பாட்டைக் கேட்ட எல்லாருக்கும் அது தெரியும்ப்பா, உட்காரு’ன்னாரு!”

உள்ளே இருந்து ஆதாரம் சார் வந்தார். முகம் சிவந்திருந்தது. மனைவி அவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, ஒத்துக்கோங்களேன். சும்மா எதுக்குப் பிகு? அவன் ஏரியையே வித்துட்டானாமே!”

“களஞ்சியப் பக்கத்துலதானே வித்தான்” என்றார் அவர். நாங்கள் இருவரும் முறைத்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். “சரி மேடம், பேரைப் போடுங்க. ஆனா என் மனசுல இருக்கிறதை நான் அங்க சொல்லுவேன்.”

என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். ‘பொறுமைசாலி, நேர்மையானவர், அனைவரின் நம்பிக்கைக்கும் உரியவர்’ என்று மனம் உருகி எழுதினேன். மறுநாள் காலை பார்த்தால், பொறுமைசாலிக்குப் பக்கத்தில் ‘ஆதாரம் தேவை’. நேர்மையானவருக்குப் பக்கத்தில் ‘ஆதாரம் தேவை’. ஒட்டியவர் சாட்சாத் அவரேதான். நான் தலையில் அடித்துக்கொண்டு, பிரியாணிச் சண்டையை ஆதாரமாகக் கொடுத்தேன்.

வேட்பாளரிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த அதிகாரத்தை எதற்குப் பயன்படுத்துவீர்கள்? எல்லோரும் தாங்கள் செய்யப்போகும் நல்ல காரியங்களை அடுக்குவார்கள். இவர் எழுதியது இது:

‘விளம்பரங்களைத் தடுப்பேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையைப் பற்றி இங்கே ஒரு கட்டுரை எழுதினேன். அவர் ஜோகுபாளையம் அணியின் கால்பந்து வீரர். அச்சில் வந்த ஆதாரம் எதுவும் கிடைக்காததால், அதை நீக்கும்படி நானே கேட்டேன். நீக்கினார்கள். நீக்கிய பக்கங்கள் அழிவதில்லை, நிர்வாகிகளின் கண்ணுக்கு மட்டும் தெரியும். மீட்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும். அதை அழுத்த மாட்டேன் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.’

அதோடு விட்டாரா? கீழே வாக்குப் பகுதிக்குப் போய், ‘எதிர்ப்பு. காரணம் மேலே’ என்று தனக்கு எதிராக முதல் ஓட்டைப் போட்டுக் கையெழுத்தும் இட்டார்.

நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பாக வந்தது, கண்ணும் கலங்கியது. களஞ்சியத்தில் ஒரே ரகளை. வேட்பாளர் தனக்கு ஆதரவாக ஓட்டுப் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. எதிராகப் போடக் கூடாது என்று எங்கும் இல்லை. இப்படி ஒருவர் வருவார் என்று விதி எழுதியவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. ஓட்டு செல்லுமா செல்லாதா என்று எங்கள் ஆட்கள் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், வில்லாக்காரன் ஹெப்பகோடியில் நீச்சல் குளம் கட்டிவிட்டான்.

பிறகு யாரும் சொல்லாமலே ஒரு காரியம் நடந்தது. எல்லோரும் ஓட்டுப் போடுவதை விட்டுவிட்டு அவர் அப்பாவைத் தேடக் கிளம்பினார்கள். கணக்காளர் இணையத்தில் கிடைத்த பழைய பத்திரிகைகளைத் துழாவினார். டீச்சர் தனக்குத் தெரிந்த பழைய ஆட்டக்காரர்களை எல்லாம் கேட்டார். நான் நூலகங்களில் தூசி தின்றேன். கடைசியில் ஒரு தேவாலய ஜூபிலி மலரில், வெறுங்காலோடு வரிசையாக நிற்கும் ஜோகுபாளையம் அணியின் படம் கிடைத்தது. துள்ளிக் குதித்துக் கீழே பார்த்தேன். ‘நமது வீரர்கள்’ என்று மட்டும் இருந்தது. பெயர் ஒன்றுகூட இல்லை.

கையை விரித்துக்கொண்டு வந்து, ஒவ்வொருவராக ஆதரவு என்று எழுதினோம். ‘இவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது’ என்று யாழ்ப்பாண டீச்சர் எழுதினார். அதற்குக் கூட ஆதாரம் கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. மாதக் கடைசியில் பேராசிரியர் முடிவை அறிவித்தார். எல்லோரும் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. ஆதாரம் சார் நிர்வாகி ஆனார்.

முதல் வேலையாக வில்லாக்காரனைத் தடை செய்வார் என்று பார்த்தால், ‘பத்தே நிமிடம் என்பதற்கு ஆதாரம் தர இயலுமா?’ என்று மரியாதையாகக் கேட்டார். ‘சார், விடிகாலையில கிளம்பினா போயிடலாம் சார்’ என்று அவன் எழுதினான். சற்றும் தாமதிக்காமல் கதவைச் சாத்தினார். ஏரி பழையபடி தண்ணீரோடு திரும்பி வந்தது.

ஆனால் எனக்கு ஒரு குறுகுறுப்பு போகவே இல்லை. பார்த்தாரா, இல்லையா? நிர்வாகி எதை மீட்டாலும் பதிவில் தெரிந்துவிடும். பார்த்தது மட்டும் எங்கும் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தர்ஷினியில் காபி வந்ததும் கேட்டுவிட்டேன்.

“சார், அப்பா பக்கத்தைப் பார்த்தீங்களா?”

“முதல் நாளே பார்த்தேன் மேடம்.”

“எப்படி இருந்தது?”

“ரொம்ப மோசம். பாசத்துல என்னென்னவோ எழுதி வெச்சிருக்கேன். ஒரு வரிக்குக்கூட ஆதாரம் இல்ல. நீக்கினது சரிதான்” என்றார். காபியை ஆற்றினார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஆனா நல்லா ஆடுவாரு மேடம்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆதாரம் கேட்டுவிடுவேனோ என்று அவருக்குப் பயம்.

“சொல்லுங்க சார்” என்றேன்.

அவ்வளவுதான், மடை திறந்தது. லெஃப்ட் அவுட்டில், இடது ஓரமாக, அப்பா ஓடினால் ஒருவரும் பிடிக்க முடியாதாம். மிலிட்டரிக்காரர்கள் அணிக்கு எதிராகக் கார்னரிலிருந்து அடித்த பந்து காற்றிலேயே வளைந்து, யார் தலையிலும் படாமல் கோலுக்குள் போனதாம். ஊரே அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு அல்சூர் ஏரி வரை போனதாம். சொல்லச் சொல்ல அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே, நான் இன்னும் இரண்டு காபி சொன்னேன்.