ஐம்பதா, எழுபத்தாறா

நான்காவது வரிசையில் சோபா இடித்தது. அதை நகர்த்தினால் டி.வி. மேசை இடிக்கும். அவர் மண்டியிட்டு, தரையில் ஒட்டியிருந்த நீல டேப்பைப் பிய்த்து மறுபடி அளந்தார். கூடத்துக்குள் ஒரு விமானம் உருவாகிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் ஒரு நாற்காலி, வலப்பக்கம் இரண்டு, நடுவே ஒருவர் ஒருக்களித்துப் போகுமளவு வழி.

இரண்டாவது வரிசையில் மனைவி மடியில் தட்டை வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள்.

"முட்டி இடிக்குதா?" என்று கேட்டார்.

"இடிக்கல. ஆனா அடுப்படிக்கு எப்படிப் போறது? வழியில டீப்பாய் நிக்குது."

"கொஞ்ச நேரம் எழுந்திருக்காதே. சீட் பெல்ட் போட்டிருக்கேன்னு நினைச்சுக்கோ."

"சரி. அப்போ சாப்பாடு நீங்களே கொண்டுவந்து குடுங்க. விமானத்துல அப்படித்தானே."

அவர் வேலை பார்த்தது ஒன்பது ஊர்களுக்குப் பறக்கும் ஒரு சின்ன விமானக் கம்பெனியில். இருந்த ஆறு விமானங்களும் கிழடு தட்டிவிட்டன. புதிதாக எடுப்பது ஐம்பது பேர் உட்காரும் ஜெட்டா, எழுபத்தாறு பேர் உட்காரும் ஜெட்டா என்று ஆராய்ந்து எழுதிக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. முதலாளியே தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"நீங்க சொல்றதுதான் முடிவு. என் பசங்களே ஆனாலும் அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகணும். அவசரம் இல்ல, நிதானமா பண்ணுங்க."

பத்தொன்பது வருட சர்வீசில் அவரிடம் யாரும் ஒரு முடிவைக் கேட்டதில்லை. கேட்டு என்ன பயன்? எதைக் கேட்டாலும் "பார்க்கலாம் சார்" என்பார். அலுவலகத்தில் அவர் பெயரே 'பார்க்கலாம்' ஆகிவிட்டது. வீட்டிலும் அதே கதைதான். மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தபோது எது நல்லது என்று கட்டம் போட்டு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். இரண்டிலும் கடைசித் தேதி போய்விட்டது. அவள் இப்போது படிப்பது யாரும் தேர்ந்தெடுக்காத மூன்றாவது கல்லூரி. அவள் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அவரால் சிரிக்க முடிந்ததில்லை. அந்த வெட்கம் அவர் மனதில் அப்படியே கிடந்தது. ஆயுளில் ஒரு தடவையாவது, இதுதான் என்று உறுதியாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அதற்குக் கிடைத்த வாய்ப்பாகத்தான் அவர் இந்த ஜெட்டைப் பார்த்தார்.

பதினான்கு மாதம் ஆகிவிட்டது.

முதல் அறிக்கையில் ஐம்பது என்று எழுதினார். முதலாளி பொறுமையாகப் படித்தார்.

"நல்லா இருக்கு. நாலு வருஷம் கழிச்சு கூட்டம் அதிகமானா என்ன பண்றது?"

அதுவும் நியாயம்தானே என்று கணக்குப் போட்டார். எழுபத்தாறு என்று வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தார்.

"பிரமாதம். மழையில ஓடுபாதை நனைஞ்சிருந்தா இது நிக்க எவ்வளவு தூரம் வேணும்?"

பார்த்தார். இரண்டு ஊர்களின் ஓடுபாதை போதாது. மறுபடி ஐம்பது.

"பழைய மாடலாச்சே. உதிரி பாகம் கிடைக்குமா?"

மறுபடி எழுபத்தாறு. இப்படி ஒரு நுணுக்கமான மனிதரிடம் வேலை செய்யக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

முதலாளியின் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. பெரியவருக்கு எழுபத்தாறு வேண்டும், சின்னவருக்கு ஐம்பது. இருவரும் ஒரே மாடியில் எதிரெதிர் அறையில் இருந்துகொண்டு முதலாளியின் செயலாளர் அம்மா மூலம்தான் பேசிக்கொள்வார்கள். அவர் அறிக்கை எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தவர் வந்து அவர் மேசையைத் தட்டிவிட்டுப் போவார்.

இருவரையும் சமாதானப்படுத்த அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டிலும் மூன்று மூன்று வாங்கலாம் என்று எழுதினார். பராமரிப்பு மெக்கானிக் ஸ்பேனரோடு படியேறி வந்தார்.

"ரெண்டு மாடல்னா ரெண்டு ஸ்டோர் ரூம், ரெண்டு செட் ஆளுங்க வேணும் சார். இதை ஓட்டுற பைலட் அதை ஓட்ட முடியாது. ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா ஒரு ஊருக்கே விமானம் கிடையாது."

அதையும் கைவிட்டார். கடைசி முயற்சியாக, ஜெட்டே வேண்டாம், காற்றாடி வைத்த விமானம் போதும் என்று எழுதினார். பெரியவரும் சின்னவரும் சேர்ந்தே வந்து திட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஒரே நேரத்தில் ஒரே அறையில் நின்றதைப் பார்க்க மாடியே கூடிவிட்டது. முதலாளிக்கு அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு. ஆனால் மறுநாள் கேட்டார்.

"எல்லாம் சரி. ரெண்டு ஜெட்லயும் சீட் எப்படின்னு உட்கார்ந்து பார்த்தீங்களா?"

அதனால்தான் கூடத்தில் இந்த நாற்காலிகள்.

மகள் கல்லூரியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"இது எந்த விமானம்ப்பா?"

"ஐம்பது."

"நம்ம விமானத்துல சராசரியா எத்தனை பேர் வர்றாங்க?"

"நாப்பத்திமூணு."

"அந்த ரெண்டு சின்ன ஊரையும் விட்டுட முடியுமா?"

"எப்படி விடறது? அவங்களுக்கு வேற வழியே இல்லையே. ரோடே பத்து மணி நேரம்."

"பெரிய ஜெட் அங்க இறங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

மகள் அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. பதினான்கு மாதமாக அடுக்கி வைத்த காகிதங்கள் எல்லாம் சொன்னது இதைத்தான் என்று அவருக்கே விளங்கிவிட்டது. உதிரி பாகத்துக்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். நாலு வருஷம் கழித்துக் கூட்டம் வந்தால் இன்னொரு நடை பறக்கலாம். இறங்க இடமில்லாத ஊரில் மட்டும் எந்தக் கணக்கைப் போட்டாலும் இறங்க முடியாது. பயமாக இல்லை. ஆச்சரியமாக இருந்தது.

அங்கேயே முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதி முடித்தார். ஐம்பது. கையெழுத்துப் போட்டார். முதலாளி இன்னொரு கேள்வி கேட்டால் மனம் மறுபடி ஆட ஆரம்பித்துவிடும் என்று தன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். அதனால் பெரியவர், சின்னவர், இயக்குநர்கள், விமானம் விற்பவர் என எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டார்.

"அனுப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி, கத்தியைக் கீழே வைத்துவிட்டு.

"அனுப்பிட்டேன்."

அவள் டீப்பாயைத் தாண்டிப் போய், அவருக்கு மட்டும் காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை கூட்டம் பத்தே நிமிடத்தில் முடிந்தது. முதலாளியின் வாக்கு இருந்ததால் இயக்குநர்கள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். சின்னவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துடுங்கப்பா. நான் தனியா நடத்திக்கறேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. ஒரு வேலை ஒழுங்காக முடிந்ததைப் பார்த்துப் பெரிய மனிதர்களும் இப்படி நெகிழ்ந்து போவதுண்டு என்று எதிரே உட்கார்ந்திருந்த அவர் நினைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது நடை மாறியிருந்தது. தோள் நிமிர்ந்திருந்தது. செயலாளர் அம்மா மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"நிஜமாவே கையெழுத்துப் போட்டுட்டீங்களா சார்?"

"போட்டுட்டேன்மா. ஐயா என் மேல வச்ச நம்பிக்கையைக் காப்பாத்த வேண்டாமா?"

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு முடிவு வந்தா பிள்ளைங்க பிரிஞ்சிடுவாங்கன்னுதான் சார், முடிவே எடுக்க மாட்டீங்கங்கிற நம்பிக்கையில ஐயா இதை உங்ககிட்ட குடுத்தாரு."