மாமியார் வீட்டு வழக்கு

பூட்டாபுரி என்றொரு ராஜ்யம். அங்கே கொள்ளைநோய் வந்தது. "குடிமக்கள் யாவரும் வீட்டிலேயே இருக்க வேண்டும்" என்று மகாராஜா ஆணையிட்டார். நோய் பயந்ததா என்று தெரியவில்லை, மக்கள் பயந்தார்கள்.

சிறையில் இருந்த ஒச்சப்பனும் பயந்தான். மகாராஜாவின் உரையின்போது கொட்டாவி விட்ட குற்றத்துக்காக உள்ளே வந்தவன். ஏற்கெனவே மூச்சிழுப்பு நோய்க்காரன். பத்துப் பேர் படுக்கும் கொட்டடியில் நாற்பது பேர் கிடந்தார்கள். பக்கத்தில் படுத்திருந்தவர் இருமி இருமியே முந்தாநாள் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்தது தான்தான் என்று பட்டதும் ஒச்சப்பன் நீதிமன்றத்தில் மனுப் போட்டான்.

"எல்லாரும் வீட்ல இருக்கணும்னு ராஜா சொல்லிட்டாரு. நான் வீட்ல இல்லையே, சாமி. என்னைய அனுப்பி வைங்க."

மந்திரி வாய்மைநேசர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, சிறையை மாமியார் வீடு என்றுதான் ஊரே சொல்கிறது. ஆகவே மனுதாரர் வீட்டில்தான் இருக்கிறார்."

நீதிபதிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. சிறைச்சாலை இனி சட்டப்படி மாமியார் வீடு என்று தீர்ப்பானது. வாசற்பலகையை மாற்றி எழுதினார்கள். வீட்டுக்கு எதற்கு அரசு வைத்தியர் என்று, வந்துகொண்டிருந்த ஒரே வைத்தியரையும் நிறுத்தினார்கள்.

ஒச்சப்பன் சில நாள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தான். ஆடி பிறந்தது. உடனே மறுபடியும் மனுப் போட்டான்.

"சாமி, இது மாமியார் வீடு ஆனதே இப்பத்தான். அப்ப நாங்க அத்தன பேரும் புதுமாப்பிள்ளைங்க. ஆடி மாசம் புதுமாப்பிள்ளை மாமியார் வீட்ல தங்கலாமா?"

நீதிபதி மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்.

"கூடவே கூடாது" என்றார் பதறிப்போய். "ஊர் என்ன பேசும்?"

கைதிகள் எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். ஆடிச் சீராக ஆளுக்கொரு வேட்டியும் கிடைத்தது. வேட்டி வழங்கிய படத்தில் மந்திரிதான் நடுவில் நின்றார்.

ஒச்சப்பன் வீடு வந்து சேர்ந்தான். மனைவி பேச்சியம்மாள் அழுதாள், திட்டினாள், மிளகு ரசம் வைத்தாள். முதல் வாய் இறங்கியதும் அவனுக்கு நெஞ்சு லேசானது. இனி எது வந்தாலும் இவள் பக்கத்தில் இருப்பாள் என்று நிம்மதியாக இருந்தது. அப்போது வாசலில் தகரத்தை வைத்து ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. காவலன் வீரணன் நின்றான்.

"ஏம்ப்பா, என் வீட்ட எதுக்கு அடைக்கிற?"

"ராஜா உத்தரவுண்ணே. ஊர்ல அத்தன வீட்டையும் அடச்சாச்சு. இப்பத் திறந்து கெடக்குறது செறச்சாலை மட்டுந்தான்."

"சரி, சன்னல மட்டும் விட்டுருப்பா. மூச்சு விடணும்."

"விடுங்கண்ணே," என்றான் வீரணன், நல்ல மனதோடு. "அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் விடுங்க."