கப்பலை நிறுத்திய பலகை

யாராவது கேட்காமலே ஆலோசனை சொல்ல வந்தால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். நானே நான்கு வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் என்பதால் இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். இருபத்தாறு வயதில் போர்ட் பிளேருக்கு வந்து, பக்கத்தில் கராச்சர்மா என்ற ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் குடியிருந்துகொண்டு, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தேன். முதலாளி கிடையாது, ஆபீஸ் கிடையாது. இந்தி, வங்காளம், தெலுங்கு எதுவானாலும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அப்படியே பலகையில் ஏற்றிவிடுவேன். (என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.) எனக்குக் கூச்ச சுபாவம். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பலகை பேசிக்கொள்ளும், நான் பேச வேண்டியதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது.

அதோடு நின்றிருக்கலாம். இரண்டு மூன்று கடைக்காரர்கள், பலகையை எங்கே மாட்டலாம் என்று என்னிடம் கேட்கப்போக, எனக்குத் தலை கனத்துவிட்டது. விழுப்புரத்தில் இருந்த அக்கா எனக்குப் பெண் பார்த்தபோது, அத்தான் பெண்வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் என்னை 'விளம்பர ஆலோசகர்' என்று போட்டார். (நான்தான் போடச் சொன்னேன்.) பெண்ணின் அப்பா, முப்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் இழுத்து ஓய்வு பெற்றவர். மாதச் சம்பளம் இல்லாத ஆலோசகர் எப்படி இருப்பான் என்று நேரில் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டு மதராஸில் கப்பல் ஏறிவிட்டார்.

அந்தக் கப்பல் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், துறைமுகத்துக்கு மேலே மரைன் ஹில்லில் ஓட்டல் வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். (எனக்குக் கடிதம் வரும் விலாசமே அவர் ஓட்டல்தான்.)

"ஏலே மாணிக்கம், கப்பல்ல வாறவன் பூராவும் கீழ ஜெட்டிப் பக்கத்துலயே தின்னுட்டுப் போயிருதான். மேல என் கடை இருக்கதே ஒருத்தனுக்கும் தெரியல. ஒரு போர்டு எழுதுலே."

"போர்டை ரோட்டைப் பாத்து வைக்கக் கூடாது அண்ணாச்சி. கடலைப் பாத்து வைக்கணும். கப்பல் உள்ள வரும்போதே சனங்க பாத்துரணும்."

"கடல்ல இருந்து தெரியுமாலே?"

"நான் எழுதினா தெரியும்."

அண்ணாச்சி, பலகையில் இட்லிப் படம் வேண்டும் என்றார். மறுநாள் இட்லியோடு காபி தம்ளர். அதற்கு மறுநாள் மேலே ஒரு வேல். "அதெல்லாம் தூரத்துக்கு எடுபடாது" என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். என் மனதில் வேறொன்று இருந்தது. துறைமுகத்துக்கு எதிரே மலைச்சரிவில் ஏற்கனவே இரண்டு பலகைகள் நட்டிருந்தார்கள். வெள்ளை வெளேரென்ற பலகை, நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு சிவப்புப் பட்டை. அவை எதற்கு என்று நான் யாரையும் கேட்கவில்லை. (கேட்க வேண்டுமானால் பேச வேண்டுமே.) எத்தனை தூரத்தில் நின்றாலும் பளிச்சென்று தெரிந்தன. எவனோ விஷயம் தெரிந்த தொழில்காரன் என்று நினைத்தேன். அதே வெள்ளை, அதே சிவப்பு, ஆனால் அவனுடையதைவிடப் பெரிதாக, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு எழுதினேன். ஓட்டல் பெயரை அந்தச் சிவப்புப் பட்டைக்குள் மஞ்சளில் போட்டேன். ஓட்டலுக்குப் பின்னால் கட்டைகளை ஊன்றி (கட்டை, பலகை எல்லாமே படாக்கு என்கிற அந்தமான் மரம்), புயலடித்தாலும் அசையாதபடி போல்ட் வைத்து முடுக்கினேன்.

கப்பல் வரும் நாள் காலையில் புதுச் சட்டை, புது வேட்டியோடு, கப்பல் வந்து கட்டும் ஜெட்டியில் நின்றேன். பக்கத்தில் அண்ணாச்சி. தூரத்தில் கப்பல் தெரிந்தது. நெருங்கி வந்தது. அப்புறம் வேகம் குறைந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

அண்ணாச்சி என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"பாத்தியாலே! போர்டைப் படிக்கதுக்குன்னே நிறுத்திட்டான்!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கப்பல் நங்கூரம் போட்டது. ஜெட்டியில் சலசலப்பு. கொஞ்ச நேரத்தில் துறைமுகத்துக்காரர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏய்! உப்பர் ஓ தீஸ்ரா போர்டு கோன் லகாயா?"

மேலே அந்த மூன்றாவது பலகையை வைத்தது யார் என்று கேட்கிறார். பிறகு அவர் கத்தியதில் இருந்துதான் எனக்கு விஷயமே புரிந்தது. முதல் இரண்டு பலகைகளும் கப்பலுக்கு வழிகாட்ட வைத்தவை. இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால் பாதை சரி. இப்போது மூன்று தெரிகின்றன. எந்த இரண்டைப் பார்த்து ஓட்டுவது என்று தெரியாமல் கப்பல் கடலிலேயே நின்றுவிட்டது.

அண்ணாச்சி என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். சுண்டுவிரலால் என்னைக் காட்டினார்.

மலையேறி ஓடினேன். போல்டு அசையவில்லை. (நன்றாகத்தான் முடுக்கியிருந்தேன்.) ஓட்டல் சமையற்கட்டில் இருந்த கரியை எல்லாம் வாரி, மண்ணெண்ணெயில் குழைத்து, ஏணியில் ஏறி இரண்டு கைகளாலும் பலகை முழுக்க அப்பினேன். கறுப்பானது பலகை மட்டும் இல்லை. சட்டை, வேட்டி, முகம், காது எல்லாம்தான். கீழே கப்பல் மெல்ல நகர ஆரம்பித்தது.

மூச்சு வாங்க ஜெட்டிக்குத் திரும்பியபோது, அக்கா அனுப்பிய போட்டோவில் பார்த்த பெண்ணின் அப்பா முகம் கப்பலில் இருந்து தள்ளாடி இறங்கிக்கொண்டிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"இந்தாப்பா, இந்தப் பெட்டியத் தூக்கு. சுடலைமுத்து ஓட்டல் தெரியுமா? மாப்பிள்ளைப் பையன் அங்க இருப்பான்."

'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வழக்கம்போல் காற்றுதான் வந்தது. டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். அவர் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தார்.

"நாலு நாளா வாந்தி. கரை கண்ணுக்குத் தெரியுது, எறங்க முடியல. எவனோ ஒரு முட்டாப்பய பொய் சிக்னல் வச்சானாமே! எங்க லைன்ல அப்படிப் பண்ணியிருந்தா தோலை உரிச்சிருப்போம். யாருப்பா அவன், உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க" என்றேன். பெட்டியைச் சரிசெய்துகொண்டு வேகமாக ஏறினேன்.

ஓட்டல் வாசலில் பெட்டியை இறக்கினேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மாப்பிள்ளை எங்கப்பா?"

வேறு யாராவது சொல்லிவிடுவார்களா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். யாரும் இல்லை.

"நான்தாங்க."

அவர் என்னைத் தலையில் இருந்து கால் வரை பார்த்தார். அப்புறம் மேலே அந்தக் கறுப்புப் பலகையைப் பார்த்தார். கரி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப, அது?"

"அதுவும் நான்தாங்க."

சம்பந்தம் போய்விட்டது என்று தீர்மானித்து, துடைத்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். அவர் பெட்டிமேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. மறுபடி வாந்திதான் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் ரயிலை நிறுத்தியிருக்கேன். கப்பலை நிறுத்தினவன இப்பத்தான்யா பாக்குறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பு சிக்னல் போட்டுட்டு, 'நான்தான்'னு தானா சொன்னவன் எங்க லைன்ல ஒருத்தன் கெடையாது. போய்க் குளிச்சுட்டு வா. மூஞ்சி எப்படின்னு பாக்கணும்ல."

மூஞ்சி தேறிவிட்டது. மூன்றாம் மாதம் சரோஜாவுக்கும் எனக்கும் கல்யாணம். துறைமுகத்தில் இனிமேல் அவர்களைக் கேட்காமல் கடலைப் பார்த்து ஒரு கோடு கூடக் கிழிக்க மாட்டேன் என்று கைநாட்டு வாங்கிக்கொண்டு விட்டார்கள். (எனக்குக் கையெழுத்து நன்றாக வரும் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.)

பதினாறு வருடம் ஆகிறது. பொங்கலுக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க மட்டையை எடுத்தாலும் சரி, கொடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டாலும் சரி, உள்ளே இருந்து சரோஜாவின் குரல் வந்துவிடும்: "கடல்ல இருந்து தெரியுமா?" இப்போது என் பெண்ணும் அதையே கேட்கப் பழகிவிட்டாள்.

அந்தப் பலகையை அண்ணாச்சி கல்யாணப் பரிசாக எனக்கே கொடுத்துவிட்டார். நல்ல படாக்கு. அறுத்து, குளியலறைக்குக் கதவாகப் போட்டிருக்கிறேன். எழுதிய பக்கம் உள்ளே. வெளியே வெறும் மரம்தான் தெரிய வேண்டும் என்பது மாமனார் உத்தரவு.