நாற்பது பிள்ளைகளின் இடது கால்

சேசு மரி சூசை துணை

புளியந்தீவு,
1936 ஆவணி 9

திருகோணமலையில் இருக்கும் அன்புள்ள மச்சாள் றொசாலியாவுக்கு, உங்கள் தம்பி மனுவேலின் பெண்சாதி கண்ணகை மரியாள் எழுதிக்கொள்வது. நானும் மகள் பெலிசியாவும் மாதா புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். உங்கள் வீட்டிலும் எல்லாரும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை பொறுக்கவும்.

அவர் போய் ஏழு மாதம். கறுப்புச் சீலையோடு மூலையில் இருக்க வேண்டிய நான் பள்ளிக்கூடத்தில் ஆடினேன் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான் மச்சாள். வகுப்பில் பெலிசியாவின் சுருட்டை மயிரை இழுத்து "காப்பிலி, காப்பிலி" என்று அவள் தகப்பன் வழியைப் பழித்து அழவைத்தார்கள். நான் சண்டைக்குப் போனேன். நல்லரத்தினம் வாத்தியார் என்னை வாங்கில் இருத்தி, "அக்கா, இதுகளுக்கு அடிச்சுப் பிரயோசனமில்ல. இவட தகப்பன்ட ஆக்களை ஆபிரிக்காவிலயிருந்து பறங்கியர் எப்படிக் கப்பல்ல அடிமையாக் கொண்டுவந்தாங்க, அவங்க என்ன பாடுபட்டாங்க எண்டு படிப்பிக்கப் போறன். புத்தகத்தில ஒரு வரியும் இல்ல. உங்கட கப்பிரிஞ்ஞா ஆட்டத்தை வைச்சுத் தொடங்குவம். ஆடிக் காட்டுங்க" என்றார். சண்டை பிடிக்கப் போன வாயால் ஓம் என்றுவிட்டு வந்தேன்.

எனக்கு ஆட்டம் எங்கே தெரியும்? கலியாண வீட்டில் வயலினும் றபான் மேளமும் தொடங்கினால் அவர் காலைப் பார்த்து என் காலை வைப்பேன், அவ்வளவுதான். இப்போது பார்க்கக் கால் இல்லை. கண்ணை மூடி, அவர் வைப்பதை நினைத்து நினைத்து வைத்தேன். சீலை தடுக்கியது, கரும்பலகையைப் பிடித்தேன், அதுவும் என்னோடு வந்துவிட்டது. "எழும்புங்கம்மா, மானம் போகுது!" என்று பெலிசியா கத்துகிறாள், எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு சிரித்தேன், அதுவும் கரும்பலகைக்கு அடியில் கிடந்து.

அதற்குப் பிறகுதான் வினை. பிள்ளைகள் நாற்பது பேரும் என்னைப் பார்த்து இடது காலை இழுத்து இழுத்து ஆடப் பழகிவிட்டார்கள். வாத்தியார் கண் கலங்கி, "பாத்தீங்களா அக்கா, சங்கிலி போட்ட கால். அந்த வேதனையை ஆட்டம் மறக்கயில்ல" என்று கொப்பியில் எழுதினார். மச்சாள், அது சங்கிலி இல்லை. சின்ன வயதில் அரிசி இடிக்கும்போது நீங்கள் அவர் காலில் போட்ட உலக்கை. அன்றிலிருந்து அவர் இழுத்து நடந்தார், இழுத்து ஆடினார், நானும் அப்படியே வைத்தேன். சொல்ல வாயெடுத்தேன். மயிரை இழுத்த அதே பெட்டை, "என்ட கால் சரியா, பெலிசியா?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். வாயை மூடிவிட்டேன். ஆனால் செத்த மனிசனின் பேரில் பொய்யை ஓடவிட்டு எந்த முகத்தோடு பூசைக்குப் போவது? பதினெட்டாம் திகதி பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை ஆட்டம் பார்க்க வருகிறார். அதற்குமுன் நீங்கள் வந்து வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சண்டைக்கு முந்திப் போகிற எனக்கு இதற்குத் துணிவில்லை.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் முழங்கால் நோவை மாதா தீர்க்கட்டும்.

இப்படிக்கு,
கண்ணகை மரியாள்

பி.கு: தபாலில் போடுமுன் இன்னொரு தரம் ஒத்திகை பார்க்கப் போனேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகு காட்டி ஆடினார்கள். மச்சாள், நாற்பது பேரும் அவர்தான். நீங்கள் கட்டாயம் வாருங்கள். கடைசி வாங்கில் இருந்து பாருங்கள். வாத்தியாரிடம் மட்டும் ஒரு சொல்லும் சொல்லிவிடாதீர்கள்.