மாப்பிள்ளையின் காரும் என் புனலும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் மனைவியாகிய என் மகள், ஒன்பதாம் மாதத்துக்கு உண்டான மூச்சிரைப்போடு நலம். கப்பலில் நீங்களும் உங்கள் எஞ்சின்களும் நலமாக இருக்க வேண்டும்.

புறப்படும்போது சாவியை என் கையில் கொடுத்து, "மாமா, வலி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், வண்டி ரெடியா இருக்கட்டும்" என்றீர்கள். தலையை அடகு வைத்தாவது அதைக் காப்பாற்றுவேன். நடுவில் ஒரு சின்னத் தடங்கல். உட்கார்ந்து படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை டேங்கை நிரப்பி வைக்கலாமென்று பங்க்குக்குப் போனேன். இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பினால், பங்க் ஆள் பெட்ரோல் குழாயைச் சொருகி டேங்கை நிரப்பியே முடித்துவிட்டார்! எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சர்வீஸ் முழுக்க பஸ் டெப்போவில் டீசல் அளந்து கொடுத்தவன் நான். கப்பல் எஞ்சினோடு குடித்தனம் நடத்தும் நீங்கள் டீசல் வண்டியைத் தவிர வேறு வாங்குவீர்களா? "சார், இந்த வண்டிக்கு..." என்று பங்க் ஆள் ஏதோ ஆரம்பித்தார். பேசவே விடவில்லை. டீசல் எஞ்சினில் பொறி வைக்கிற பிளக் கிடையாது, காற்றை அழுத்திச் சூடாக்கித்தான் டீசலைப் பற்றவைக்கும், டீசலின் எண்ணெய்ப் பிசுக்குதான் பம்பைத் தேயாமல் காக்கும், அதில் பெட்ரோல் ஓடினால் பம்ப் காலி, சாவியைத் திருப்பாதவரை பிழைத்தோம் என்று அங்கேயே பாடம் எடுத்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஹாரனும் அடித்தார்கள். கடைசியில் வழி விட்டால் போதுமென்று அவர்களே வீடுவரை தள்ளியும் கொடுத்தார்கள்.

மெக்கானிக் ஊரில் இல்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டேன். கைப்பம்ப் போட்டு இறைத்தார். கேன் கேனாக நிரம்பி, வாசலிலும் கொஞ்சம் கொட்டிவிட்டது. உங்க அத்தை வாளித் தண்ணியோட ஓடி வர்றா. "தண்ணி ஊத்தாதே, சாக்கடையில கலந்துடும், மண்ணைப் போடு!"ன்னு கத்தினேன். அவ பூந்தொட்டி மண்ணு அத்தனையும் போச்சு. இன்னும் என்கூடப் பேசல. "கேன்ல இருக்கறதப் பின்னாடி கொட்டுங்க, யாருக்குத் தெரியப்போவுது?"ன்னதுதான் கடைசி. எனக்குத் தெரியுமே! எரிபொருள் கொட்டினா மறைக்கக் கூடாது, உடனே தகவல் சொல்லணும்னு டெப்போவுல தினமும் சொல்லிச் சொல்லி வளர்த்தாங்க. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். மணியடிச்சுக்கிட்டு வண்டியே வந்துடுச்சு, தெருவே கூடிடுச்சு. அதிகாரி கேனை மோந்து பார்த்துட்டு "பெட்ரோல்"னு எழுதினார். விடுவேனா? "டீசல் கலந்த பெட்ரோல்"னு திருத்தினாத்தான் கையெழுத்துன்னு ஒத்தைக் கால்ல நின்னேன். அவர் தலையில அடிச்சுக்கிட்டே திருத்திட்டு, கேன்களை எடுத்துட்டுப் போனார்.

அப்புறம் ஆட்டோவுல போய் சுத்தமான டீசல் வாங்கிட்டு வந்தேன். கேன் மூக்கு டேங்க் வாய்க்குள்ள நுழையவே மாட்டேங்குது. வண்டி செஞ்சவன் அளவு தெரியாதவன். புனலை வெச்சு, கை கடுக்கக் கடுக்க, விளிம்புவரை ஊத்திட்டேன்.

மகளுக்கு ஒன்றும் தெரியாது. பயந்துவிடப் போகிறாளே என்று, பூனை மரத்தில் மாட்டிக்கொண்டது, அதற்குத்தான் மணிச் சத்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் ஒயரை மாட்டி ஒரே திருப்பு, வண்டி தயார். நீங்கள் நிம்மதியாகக் கடலைப் பாருங்கள். கரையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் பெற்று வாழ மனமார வாழ்த்தும்,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மகள் பின்னால் நின்று முழுவதையும் படித்திருக்கிறாள். "அப்பா, அது பெட்ரோல் வண்டிப்பா! டீசல் வாசனை எனக்கு ஆகாதுன்னு அவர் தேடித் தேடி வாங்கினது" என்கிறாள். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்பக்கம் எழுதித்தான் இருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்த சிரிப்பில் வலியும் எடுத்துவிட்டது. இந்தத் தடவை தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டது உங்கள் அத்தை. அதே அதிகாரி ஜீப்போடு வாசலில் நிற்கிறார், மகள் ஏறிவிட்டாள், என்னையும் கூப்பிடுகிறார்கள். என்ன வண்டி என்று கேட்டுக்கொண்டேன். டீசல்தானாம்.