இந்திராணியிடம் அனுமதி கேட்ட ரகசியச் சங்கம்

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். என் மனைவி இந்திராணிக்குத் தெரியாத விஷயம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஓட்டலில் வடை தின்றுவிட்டு வந்தால் எத்தனை வடை என்று சொல்வாள். தொட்டுக்கொண்ட சட்னியையும் சொல்வாள். ஐம்பது வயதான ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு ரகசியமாவது வேண்டாமா? வேண்டும் என்று போன மாதம் சபதம் எடுத்தேன்.

வழி காட்டியவர் சாந்திநாதன். மாகறல் பக்கத்து ஜைனர், நெல் வியாபாரி. மகள் கல்யாணத்துக்கு எங்கள் தறியில்தான் பட்டு நெய்து வாங்கினார். அவர் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடக்கிற ஃபிரீமேசன் என்ற சங்கத்தில் உறுப்பினராம்.

"உள்ள இன்னாங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"சில விஷயத்தைச் சொல்லக்கூடாதுங்க, கைலாசம்" என்று சிரித்தார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பெண்டாட்டி கேட்டால் 'சொல்லக்கூடாது' என்று சொல்லலாம்! அதற்கு ஒரு சங்கமே துணைக்கு நிற்கும்! அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன். நேராக வீட்டுக்கு வந்து அறிவித்தேன்.

"இந்திராணி, நான் ஒரு ரகசியச் சங்கத்துல சேரப் போறேன். உள்ள நடக்கறதை உயிரே போனாலும் சொல்லக்கூடாது."

"சரிங்க."

"இன்னா சரி? இன்னா ஏதுன்னு கேக்க மாட்டியா?"

"சொல்லக்கூடாதுன்னீங்களே."

"சொல்ல மாட்டேன். ஆனா நீ கேக்கணும்."

"தறில குறுக்க ஓட்டற ஊடை நூல் தீந்துபோச்சு. எடுத்துக்கினு வாங்க."

அவள் கேட்காததை எதிர்வீட்டு நீலாம்பாள் வந்து கேட்டாள்.

"அண்ணே, இலுமினாட்டில சேந்துட்டீங்களாமே! யூடியூபுல பாத்தேன். ரத்தத்துல கையெழுத்து வாங்குவாங்களாம். கண்ணைக் கட்டி ஆட்டு மேல உக்கார வெப்பாங்களாம்."

"ஆட்டு மேலயா? இவரையா?" என்றாள் இந்திராணி. "எம்பத்தெட்டு கிலோமா. ஆடு பாவம் இல்லியா?"

நான் எதையும் மறுக்கவில்லை. மர்மமாக ஒரு புன்னகை பூத்தேன். அந்தப் புன்னகை தெருவெல்லாம் வேலை செய்தது. பால்காரர் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடினார். டீக்கடையில் வரிசையில் நின்றவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் தறி வைத்திருக்கிற தேவேந்திரன் என் காதோடு வந்து கேட்டான்.

"உலகத்தையே உங்க ஆளுங்கதான் ஆட்டி வெக்கறாங்களாமேபா. ஜரிகை வெலையைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லேன்."

"பாக்கலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாந்திநாதனும் கறுப்புக் கோட்டு போட்ட இரண்டு பேரும் காரில் வந்து இறங்கினார்கள். எல்லா ஜன்னலிலும் தலைகள். நான் கம்பீரமாக வாசலுக்குப் போனேன்.

"உங்ககிட்ட வேலை இல்லைங்க" என்றார் சாந்திநாதன். "வீட்டம்மாகிட்ட பேசணும். கல்யாணமானவரைச் சேக்கறதுக்கு முன்னாடி அவங்க சம்மதம் கேக்கறது எங்க வழக்கம்."

"ரகசியச் சங்கத்துக்குப் பொண்டாட்டி சம்மதமா?"

"ரகசியம்னு நீங்கதாங்க சொல்லிக்கினு இருக்கீங்க. நாங்க வாசல்ல போர்டே மாட்டி வெச்சிருக்கோம்."

என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்குள், என் சங்கத்தார், என் மனைவியோடு ரகசியக் கூட்டம் போடுகிறார்கள். நான் தெருவில் நிற்கிறேன். நடுநடுவே சிரிப்புச் சத்தம் வேறு. முழுசாக ஒரு மணி நேரம்.

"உள்ள இன்னா நடக்குதுண்ணே?" என்று நீலாம்பாள் கிசுகிசுத்தாள். "ரத்தமா?"

"காபி வாசனைதான்மா வருது."

அவர்கள் போனதும் உள்ளே பாய்ந்தேன். "இன்னா கேட்டாங்க?"

"அது எங்களுக்குள்ளங்க" என்று டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை அவளே என்னைத் தறிப் பக்கம் கூப்பிட்டாள். எங்கள் தெருவில் புது டிசைன் ஏறிய தறியைப் போர்வை போட்டு மூடித்தான் வைப்போம். போன தீபாவளிக்கு நாங்கள் போட்ட புதுப் புடவைக் கரையைப் பற்றி டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். பதினைந்தே நாளில் அது பதினோரு தறியில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து என் வீட்டுத் தறி எனக்கே மூடிக் கிடக்கிறது. இப்போது அவளாகவே போர்வையைத் தூக்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே, டிசைன் வரைகிற கட்டம் போட்ட தாளில் ஒரு நாயின் முகம்.

"பெங்களூர்ல ஒரு கல்யாணப் பொண்ணு பொடவை கேட்டிருக்குங்க. அது வளக்கற நாய் முந்தானைல வரணுமாம். வெளிய தெரியக்கூடாது. உங்களை நம்பித்தான் காட்டறேன்."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். புதன்கிழமை முழுக்கக் காப்பாற்றினேன். வயிறு உப்பிப்போனது. வியாழக்கிழமை தேவேந்திரனிடம் மட்டும், அவனிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு, சொன்னேன். வெள்ளிக்கிழமை நீலாம்பாள், "ரெண்டு நாயாமேண்ணே?" என்றாள். சனிக்கிழமை ஓரிக்கையிலிருந்து யாரோ போன் செய்து, அவர்கள் வீட்டுப் பூனையை நெய்து தரமுடியுமா என்று விசாரித்தார்கள்.

மறு ஞாயிறு சாந்திநாதன் தனியாக வந்தார். கையில் என் விண்ணப்பம்.

"மன்னிக்கணுங்க. அடுத்த வருஷம் பாக்கலாம். இவரு ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்குவாரான்னு அன்னிக்கு அம்மாவைக் கேட்டோம். ஒரு வாரம் டைம் குடுங்க, பாத்து எழுதித் தரேன்னு விண்ணப்பத்தை வாங்கி வெச்சுக்கினாங்க. நேத்து எழுதிக் குடுத்தனுப்பினாங்க."

இந்திராணியைப் பார்த்தேன். "அப்போ அந்த நாய்?"

"இன்டர்நெட்ல எடுத்ததுங்க."

"பெங்களூர் பொண்ணு?"

"அப்படி யாரும் இல்லீங்க."

விண்ணப்பத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் அவளுடைய குண்டுக் கையெழுத்து: 'என் கணவர் ரகசியத்தைக் காப்பார். ஆனால் தனி ஆளாகக் காக்க முடியாது. துணைக்குத் தெருவைச் சேர்த்துக்கொள்வார்.'

சாந்திநாதன் போன பிறகு எனக்கு அழுகையே வந்துவிட்டது. "உனக்குத் தெரியாதது எனக்கு ஒண்ணே ஒண்ணாச்சும் தெரியணும்னுதான்மா ஆசைப்பட்டேன்" என்றேன்.

அவள் முகம் இளகியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியலயேன்னுதானே வருத்தம்? சொல்லக்கூடியது அத்தனையும் அன்னிக்கு என்கிட்ட பொறுமையா சொல்லிட்டுதாங்க போனாங்க."

"அப்போ நீ எனக்குச் சொல்லு!"

"உங்ககிட்டயா?" என்றாள்.

இது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. தேவேந்திரனிடம் மட்டும்தான் சொன்னேன்.