பதினாறின் அடுக்கு அரைக்கால்

மகள் அஃப்ராவுக்கு இனிமேல் கணக்கைத் தானே சொல்லித் தருவதென்று அஜ்மீர் தீர்மானித்தார். தீர்மானம் பிறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மனைவி சித்திக்கா துடைப்பத்தோடு எதிரே வந்து நின்ற அதே நொடியில்.

"சாயங்காலம் நாகூர்லேருந்து எங்க கூடப்பொறந்த லாத்தாவும் மச்சானும் வர்றாங்க. மொட்டைமாடிலதான் பாய் விரிக்கணும். கடல்காத்துல வந்த மண்ணு கணுக்கால் அளவுக்குக் கெடக்கு. கொஞ்சம் பெருக்கிடுங்க."

"நான் பெருக்கத்தான் போறேன். புள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை. இயற்கணிதம்!"

அந்த வார்த்தையைக் கேட்டால் எந்த மனைவியும் பின்வாங்குவாள் என்பது அவர் நம்பிக்கை. சித்திக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அஃப்ரா புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். "பதினாறின் அடுக்கு அரை, பெருக்கல், பதினாறின் அடுக்கு கால். சுருக்குக."

"பெருக்கல்னு இருக்குல்ல? அரையைக் காலால பெருக்கு. அரைக்கால், அதாவது எட்டுல ஒண்ணு. பதினாறின் அடுக்கு அரைக்கால். முடிஞ்சுது."

"தப்பா இருந்தா?" என்றாள் சித்திக்கா.

"மாடியை நானே பெருக்கறேன். சரியா இருந்தா நீ. சம்மதமா?"

"சம்மதம்."

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"வாப்பா, அடுக்கு அரைன்னா வர்க்கமூலம். அடுக்கு கால்னா நாலாம் மூலம்."

"காலங்காத்தால மூலத்தைப் பத்தி என்ன பேச்சு?"

"பதினாறுக்கு வர்க்கமூலம் நாலு. நாலாம் மூலம் ரெண்டு. பெருக்கினா எட்டு. உங்க அரைக்கால் அடுக்குக்கு ஒண்ணரைகூட வராது."

அஜ்மீர் புத்தகத்தின் கடைசியில் விடையைப் பார்த்தார். எட்டுதான்.

"அச்சுப்பிழை."

"கால்குலேட்டர்லயுமா?" மகள் போனை நீட்டினாள்.

"அப்ப அடுக்கை என்னதான் செய்யணும்?"

"அடி ஒண்ணா இருந்தா, பெருக்கும்போது அடுக்கைக் கூட்டணும். அரையும் காலும் முக்கால்."

"பெருக்கச் சொன்னா எதுக்குக் கூட்டணும்?"

"நம்ம வீட்ல ரெண்டும் ஒரே வேலைதாங்க," என்று சொல்லித் துடைப்பத்தை அவர் கையில் வைத்தாள் சித்திக்கா.

மாடிக்குப் போனால், பக்கத்து மாடியில் ஜவஹர் அலி. வங்கியில் மேலாளர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், உங்க வீட்டுக்கும் விருந்தாளியா?" என்றார் அஜ்மீர்.

"இல்ல. எங்க வீட்ல ஒரு கணக்கு கேட்டாங்க. அரையையும் காலையும் பெருக்கிட்டேன்." ஜவஹர் அலி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "கணக்கை உங்க வீட்டம்மாதான் நேத்தே சொல்லிக் குடுத்தாங்களாம்."